மான் வலை: 5 வருட அனுபவம்

போன வாரம் பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, உங்க வீட்டு மான் வலை எப்படி இருக்கு? ரெண்டு ஆப்பிள் கன்னு வச்சிருக்கோம். இப்ப விலையும் குறைஞ்சிருக்கு, வாங்கிடவா?" அன்றைக்குக் காலையில்தான் அதே வலையில் இந்த வருடத்தின் 11-வது ஓட்டையைக் கட்டிவிட்டு வந்திருந்தேன். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது அரைகுறைப் பதில், அதனால் முழுசாக எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியில் வெள்ளைவால் மான் படுத்தும் பாடு இங்கே தோட்டம் போட்ட எல்லோருக்கும் தெரியும். மான் உள்ளே வராமலிருக்கத் தோட்டத்தைச் சுற்றி வேலியாக நான் போட்டது 7.5 அடி உயரக் கறுப்பு பிளாஸ்டிக் வலை. உள்ளே நாலு ஆப்பிள், இரண்டு ஆசியப் பேரி, ஓரமாக ஒரு அவரைப் பந்தல்.

வலைக்கு முந்தின வருடம் முட்டை நாற்றமடிக்கும் தெளிப்பு மருந்தை நம்பியிருந்தேன். நல்ல மழை பெய்தால் மறுபடி அடிக்க வேண்டும். ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பினால் அவரையில் வெறும் காம்புதான். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கவ்வி இழுத்துப் பிய்க்கும். கடித்த நுனி நார்நாராகத் தொங்கும். அந்த அக்டோபரில் ஒரு கிடா மான் கொம்பைத் தேய்த்துப் பேரிக் கன்றின் பட்டையைச் சுற்றிலும் உரித்துப் போட்டது. வசந்தத்தில் அது துளிர்க்கவே இல்லை. வலை கட்டிய பிறகு ஒரு மரம்கூடச் சாகவில்லை. போன செப்டம்பரில் இரண்டு வாளி நிறையப் பேரிக்காய் பறித்து நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். அந்தச் சந்தோஷம் இந்த வலை கொடுத்ததுதான், மறுக்கமாட்டேன்.

என் கோபமெல்லாம் அடிப்பக்கத்தின் மேல்தான்.

விற்பவர்கள் உயரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். மான் 8 அடி தாண்டும், உண்மைதான். ஆனால் என் தோட்டத்தில் தாண்டி வந்த மான் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, வந்ததெல்லாம் கீழே நுழைந்து வந்தவை. முதலில் முயல் வேலையை ஆரம்பிக்கும். கணுக்கால் உயரத்தில், கத்தரிக்கோல் வைத்தது போல, கைமுஷ்டி அளவுக்கு ஒரு ஓட்டை. ஒரு இழை விட்டால் பக்கத்து இழைகளும் இளகிவிடும். மான் மூக்கை விடும், அப்புறம் தலையை. மார்ச் மாதம் ஒருநாள் குனிந்து பார்த்தேன்: கிழிந்த பிசிறில் நாலைந்து பழுப்பு மயிர் சிக்கியிருந்தது, உள்ளே ஆப்பிளின் தாழ்ந்த கிளைகளில் மொட்டு ஒன்றுமில்லை. தரையோடு அடித்த கொக்கி ஆணிகளும் நிற்பதில்லை. குளிரில் மண் உறைந்து இளகும்போது ஒவ்வொன்றாக மேலே எழும்பிவிடும். ஐந்து வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் குத்துக்காலிட்டு வேலியைச் சுற்றி வருகிறேன். முட்டி விட்டுப்போகிறது. முயல் கடிக்கும் என்று அட்டைப்பெட்டியில் ஒரு வரி போட்டிருந்தால் அன்றைக்கே கீழே 2 அடிக்குக் கம்பி வலை சேர்த்திருப்பேன்.

மரமெல்லாம் பிழைத்திருந்தாலும் என் பதில் மாறவில்லை: பாதி விலைக்குக் கொடுத்தாலும் இந்த வலையை மட்டும் தனியாக வாங்காதீர்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையை அடியில் கட்டி, ஒரு அடியை வெளிப்பக்கமாகத் தரையில் மடித்துப் போடுங்கள். என் வடக்குப் பக்கத்தில் அப்படிச் செய்து ஒரு வருடமாகிறது, அங்கே ஓட்டை விழவில்லை.

தம்பி, உங்கள் இரண்டு கன்றுக்கு வேலியே தேவையில்லை. 5 அடி உயரக் கம்பி வலையை, தண்டிலிருந்து 2 அடி தள்ளி, கூண்டு மாதிரி நிறுத்தினால் போதும். கிளை வெளியே நீண்டால் மான் அதைக் கடிக்கும்தான், ஆனால் தண்டில் கொம்பு படாது. என்னிடம் மிச்சக் கம்பிச்சுருள் கிடக்கிறது. செப்டம்பர் பிறந்தால் கிடாக்கள் கொம்பு தேய்க்க ஆரம்பித்துவிடும், அதற்குள் வந்து எடுத்துப் போங்கள்.