மலை ரோட்டுக்கு எந்த ஆக்சில்: 4340-ஆ, 300எம்-ஆ?

ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பவர் கூட்டிய காரில் ஏறும்போது, ஒவ்வொரு வளைவு முடிந்து ஆக்சிலேட்டரை மிதிக்கும் நொடியிலும் முறுக்கு முழுக்க, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சிலில்தான் இறங்குகிறது. அதைச் செய்யும் இரண்டு எஃகு வகைகள்தான் 4340-உம் 300எம்-உம்.

விலை: 4340 (குரோமியம், மாலிப்டினம் கலந்த ‘குரோமோலி’ எஃகு) குறைவு. 300எம் நன்றாகவே கூடுதல்.

வலிமை: 300எம் ஒன்றும் அந்நியமில்லை. அதே 4340-இல் சிலிக்கனைக் கூட்டி வனேடியம் சேர்த்தது. விமான லேண்டிங் கியருக்குப் போகிற எஃகு. முறுக்கை அதிகம் தாங்கும்.

உழைப்பு: இங்கேதான் நம் ஊர் குறுக்கே வருகிறது. இவ்வளவு கடினமான எஃகுக்குக் கீறலும் துருவும் ஆகாது. கல் தெறித்துப் பெயின்ட் போன இடத்தில், நகம் அளவுக்குச் செம்பழுப்பு தெரிந்தாலே விரிசல் அங்கிருந்து தொடங்கலாம். குன்னூர் மழையிலும் பனியிலும் தினமும் நிற்கும் காருக்கு இது சின்ன விஷயமில்லை. 4340-உம் துருப்பிடிக்கும், ஆனால் கொஞ்சம் பொறுக்கும்.

பராமரிப்பு: இரண்டுக்கும் ஒன்றே. ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்தால் உடனே மாற்றுங்கள்.

தினசரி ஓட்டம், அவ்வப்போது வேகம் என்றால் என் ஓட்டு 4340-க்கு. டிராக்கில் ஒட்டும் டயரோடு லான்ச் செய்பவர்கள் (நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய்பவர்கள்) 300எம் வாங்கலாம். எதுவானாலும் கழற்றும்போது ஆக்சில் முனையில் இருக்கும் ஸ்பிளைன் பற்களைப் பாருங்கள். லேசாகத் திருகியிருந்தால் அதைத் திரும்ப மாட்டாதீர்கள்.