ஷட் டவுன் செய்தும் அணையாத கணினி

இரவு வேலை முடிந்ததும் ஷட் டவுன் கொடுத்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுவேன். பல ஆண்டுப் பழக்கம். ஒரு நாள் காலையில் அச்சுப்பொறி அடம்பிடித்தபோது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். கணினி எத்தனை நேரமாக ஓடுகிறது என்று காட்டும் இடத்தில் 11 நாள் என்றிருந்தது. முந்தின இரவுதானே அணைத்தேன்!

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் செய்த வேலை அது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் உள்ள வசதி. ஷட் டவுன் கொடுத்தால் நாம் திறந்து வைத்தவை மூடப்படும்; ஆனால் இயங்குதளத்தின் உட்கருவும், அச்சுப்பொறி போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதப்பட்டு, மறுநாள் அங்கிருந்தே எழும். திறந்திருப்பதை எல்லாம் வட்டில் எழுதிவிட்டு அணைவது ஹைபர்னேட்; இதைப் பாதி ஹைபர்னேட் என்று சொல்லலாம். டிரைவர் ஒன்று குழம்பிக் கிடந்தால் அந்தக் குழப்பமும் சேர்ந்தே எழும். ரீஸ்டார்ட்தான் உண்மையான புதுத் தொடக்கம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்கினாலும் முழுதாக அணையும். அன்று ரீஸ்டார்ட் செய்ததும் அச்சுப்பொறி மறுபேச்சில்லாமல் தாளை இழுத்தது.

மேசைக் கணினிக்கு நான் பகலில் கொடுப்பது ஸ்லீப்தான். தற்காலிக நினைவகமான ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், செலவு சில வாட். விசையைத் தட்டினால் விட்ட வரியிலேயே கர்சர் துடித்துக்கொண்டிருக்கும். ஆனால் தூங்கும்போது மின்சாரம் போனால் ரேமில் இருந்ததும் போகும். சேமிக்காத 2 பக்கங்களை அப்படித் தொலைத்த பிறகு ஹைப்ரிட் ஸ்லீப்பை இயக்கினேன். ரேமில் உள்ளதை வட்டிலும் ஒரு பிரதி எழுதி வைத்துவிட்டே தூங்கும்.

மடிக்கணினியின் கதை வேறு. ஒரு பயணத்தின்போது, 70 சதவீத பேட்டரியுடன் மூடியை மடக்கி உறைக்குள் செருகினேன். 2 மணி நேரம் கழித்துப் பையில் கையை விட்டால் இஸ்திரிப் பெட்டிபோலச் சுட்டது. உள்ளே விசிறி இரைந்துகொண்டிருந்தது. பேட்டரி 9 சதவீதம். பழைய மடிக்கணினிகள் தூங்கினால் ரேமைத் தவிர எல்லாம் அடங்கிவிடும். புதியவற்றில் பலவும் கைப்பேசிபோல அரைத்தூக்கத்தில் கிடப்பவை. இணைய இணைப்புகூட விழித்திருக்கலாம். ஏதாவது ஒரு மென்பொருள் தூங்கவிடாமல் தொந்தரவு செய்தால் காற்றோட்டமில்லாத உறைக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடும்.

அன்றே மூடியை மடக்கினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றினேன். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் இதற்கு இடம் உண்டு. பல கணினிகளில் ஹைபர்னேட் பட்டியலிலேயே தெரியாது. அங்கேதான் வரவழைக்க வேண்டும். ரேமில் உள்ளது முழுக்க வட்டுக்குப் போய்விடுவதால் பேட்டரி ஏறக்குறைய அப்படியே இருக்கும். 3 நாள் கழித்துத் திறந்தாலும் திறந்து வைத்த கோப்புகள் வரிசை கலையாமல் நிற்கும். விலை, வட்டில் கொஞ்சம் இடம்: ரேமில் உள்ளதை எழுதி வைக்கும் கோப்பு வழக்கமாக ரேமின் அளவில் 40 சதவீதம், 16 ஜிபிக்கு 6 ஜிபியைத் தாண்டும். விழித்தெழ என் கணினிக்கு 15 விநாடி.

தினமும் இவ்வளவு எழுதினால் எஸ்எஸ்டி எனும் சிப் வகை வட்டு தேய்ந்துவிடாதா என்று நானும் பயந்தவன்தான். நாளுக்கு 6 ஜிபி என்றாலும் ஆண்டுக்குச் சுமார் 2 டெராபைட். 500 ஜிபி வகை எஸ்எஸ்டிகளில் 100 டெராபைட்டுக்கு மேல் எழுதலாம் என்றே தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். அதற்கு வெகுமுன்பே விசைப்பலகை பல்லிளித்துவிடும்.

இப்போது பையில் போகும் கணினிக்கு ஹைபர்னேட், மேசையை விட்டுச் சற்று எழுந்தால் ஸ்லீப், வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டேன். அதனால் கணினி எழ சில விநாடி கூடுதலாகிறது. அதற்குள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன்.