வாடகைப் பாத்தியா, புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டமா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு கீரையும் வெண்டைக்காயும் வளர்க்க ஆசைப்படுகிறவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் பாத்தி. இன்னொன்று, பேட்டைக்குள் குடியிருப்பாளர்கள் சேர்ந்து நடத்தும் சமூகத் தோட்டம். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கழகம் என்பதால் எதில் சேர்ந்தாலும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே போய் வேலை செய்து பார்த்தால்தான் இரண்டும் எவ்வளவு வேறு என்று தெரியும்.

வாடகைப் பாத்தி 2016இல் ஹோர்ட்பார்க் பூங்காவில் தொடங்கியது. இப்போது தீவின் பல பூங்காக்களில் இருக்கிறது. 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் உயர்த்திக் கட்டிய தொட்டி. திட்டம் வந்த காலத்து வாடகை வருடத்துக்கு 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வரி தனி. வரி நீங்கலாகக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஐந்து வெள்ளிகூட வராது. குத்தகை மூன்று ஆண்டு. கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கலில்தான் கிடைக்கும்.

இரண்டரை சதுர மீட்டரில் என்ன வந்துவிடும் என்று சிரிக்க வேண்டாம். கங்கோங் கீரையும் தண்டுக்கீரையும் விதைத்து 25, 30 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். பாத்தியை நாலாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பகுதியாக விதைத்தால், சின்னக் குடும்பத்துக்கு வாரம் ஒரு முறையாவது சொந்தக் கீரை கிடைக்கும். நட்டது நீங்கள், பறிப்பதும் நீங்கள். அடுத்தவர் வந்து “இங்கே பாகல் வேண்டாம், புடலை போடலாமே” என்று சொல்லப் போவதில்லை. வேலைக்குப் போய்வருகிறவர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் இதைத்தான் விரும்புவார்கள். அது நியாயம்தான்.

பகிர்வு என்று வந்தால் வாடகைப் பாத்தி சுயநலமானது என்று ஒரு பேச்சு உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வெண்டை காய்க்கத் தொடங்கினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். விட்டால் நாராகிவிடும். ஐந்தாறு செடி ஒரே சமயத்தில் காய்த்தால் ஒரு வீட்டில் தின்று தீராது. பக்கத்துப் பாத்தி சீனப் பாட்டிக்கு ஒரு பை போகும், அங்கிருந்து சர்க்கரைவள்ளிக் கொழுந்து திரும்பி வரும். விதையும் நாற்றும்கூட இப்படித்தான் கை மாறுகின்றன. ஆனால் இது பாத்தி வைத்திருப்பவர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல். பூங்காவில் நடை போகிறவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

சமூகத் தோட்டம் வேறு கதை. அதற்காகக் கழகம் நடத்தும் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டம் 2005இல் தொடங்கியது. இன்றைக்கு 2,000க்கும் மேற்பட்ட தோட்டங்கள் வீவக பேட்டைகள், பள்ளிகள், நிறுவனங்கள் என்று பரவியிருக்கின்றன. யீஷூனில் கூ டெக் புவாட் மருத்துவமனையின் கூரையிலேயே தொண்டூழியர்கள் காய்கறி வளர்க்கிறார்கள்.

இங்கே பெரிய லாபம் காலம். மூன்று ஆண்டில் காலி செய்ய வேண்டிய தொட்டியில் யாரும் முருங்கை வைக்க மாட்டார்கள். வைத்தாலும் அந்த அகலத்தில் மரம் என்ன செய்யும்? கறிவேப்பிலை, முருங்கை, வாழை, பப்பாளி எல்லாம் சமூகத் தோட்டத்தில்தான் நிம்மதியாக நிற்கும். மண்ணுக்கும் இதே கணக்கு. சிங்கப்பூரில் சராசரி ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். உயர்த்திய தொட்டியில் போட்ட சத்தை அந்த மழை கழுவிக்கொண்டு போய்விடும், திரும்பத் திரும்ப உரம் போட வேண்டும். சமூகத் தோட்டத்தில் காய்ந்த இலையும் சமையலறைக் கழிவும் ஒரு மூலையில் மக்கிக்கொண்டே இருக்கும். பல ஆண்டு அப்படிச் சேர்ந்த மண் வேறு மாதிரி இருக்கும், கையில் எடுத்தாலே தெரியும். குத்தகையின் கடைசி ஆண்டில் இருப்பவர் அந்தப் பாடு படுவாரா? கடையில் ஒரு பை மண் வாங்கிக் கொட்டுவார், அவ்வளவுதான். நீடித்த விவசாயம் என்று பார்த்தால் சமூகத் தோட்டத்துக்குத்தான் என் ஓட்டு.

தொல்லையும் அங்கேதான் அதிகம். தண்ணீர் ஊற்றும் முறை யாருடையது, பப்பாளி பழுக்குமுன் யார் பறித்தது என்று சண்டை வரும். பல தோட்டங்களுக்கு வேலி, கதவு, பூட்டு. செடி திருடு போகிறது என்று காரணம் சொல்வார்கள், அதிலும் உண்மை உண்டு. ஆனால் சாவி நாலைந்து பேரிடம் மட்டும் இருந்தால் அது சமூகத் தோட்டம் என்று பெயர் வைத்த தனியார் தோட்டம். அதைவிட வாடகைப் பாத்தி நேர்மையானது. எனவே சேர்வதற்கு முன் தோட்டத் தலைவரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: கதவு எந்தெந்த நேரம் திறந்திருக்கும், அறுவடை யாருக்குப் போகும். சில தோட்டங்களில் ஆளுக்கொரு பாத்தி, சிலவற்றில் எல்லாம் பொது. பொதுவாக இருந்து, தனியாக வசிக்கும் முதியவர்களுக்கும் ஒரு பங்கு போகிறது என்றால் யோசிக்காமல் சேரலாம்.

வீட்டு வாசல் தாழ்வாரம்? ரம்பை, துளசி, ஒரு தொட்டி கறிவேப்பிலை, அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கிக் கொசு, அப்புறம் அபராதம்.

எந்த இடமானாலும் கொத்தமல்லியிலும் தக்காளியிலும் தொடங்காதீர்கள். இந்த வெக்கையில் மல்லி சீக்கிரம் பூத்துவிடும், இரவிலும் சூடு தணியாததால் தக்காளி பூ உதிரும். பசலை, கங்கோங், வெண்டை, சிறகவரை என்று ஊருக்குப் பழகியதைப் போடுங்கள்.

என்னைக் கேட்டால், குலுக்கலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அது விழும் வரை பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் போய் வேலை கற்றுக்கொள்வது நல்லது. பாத்தி கிடைத்த பிறகும் முருங்கைக்கீரைக்கு அங்கேதானே போயாக வேண்டும்.