முன்சில்லு இழுவைக் காரில் எல்எஸ்டி: 41,000 கிலோமீற்றர் ஓடிய பிறகு

என்னுடைய ஹொண்டா சிவிக் 1990களின் பிற்பகுதியில் வந்த ஈகே வகையைச் சேர்ந்தது. 1.6 லீற்றர் பி16ஏ எஞ்சின், ஐந்து கியர், முன்சில்லு இழுவை. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் கியர்பெட்டியில் இருந்த, எஞ்சின் விசையை இரு முன்சில்லுகளுக்கும் பகிர்ந்து வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் சாதாரண டிஃபரன்ஷியலைக் கழற்றி, ஜப்பானிலிருந்து முன்பே வந்திருந்த பழைய கியர்பெட்டி ஒன்றிலிருந்து பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஹெலிக்கல் (சாய்பல்) வகை எல்எஸ்டியைப் பொருத்தினேன். எல்எஸ்டி என்பது லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், ஒரு சில்லு மட்டும் வெறுமனே சுழல்வதை மட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 வரை திறக்கப்படாதிருந்த காலம் அது. கையில் இருக்கும் காரையே நன்றாக்கிக்கொள்வது என்று முடிவெடுத்தேன். பெற்றோல் வரிசையும் கியூஆர் பங்கீடுமாகக் கழிந்த 2022இல் கார் பெரும்பாலும் வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் உறை போர்த்தியே நின்றது. அந்த மாதங்களைக் கழித்தாலும் இதுவரை 41,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன்.

எல்எஸ்டி போட்டால் பிடிப்புக் கூடும் என்று பலரும் சொல்வார்கள். பிடிப்பு ரயரிலிருந்து மட்டுமே வருகிறது. டிஃபரன்ஷியல் அதில் ஒரு துளியையும் கூட்டுவதில்லை. வளைவின் வெளிப்பக்கம் ஓடும் வெளிச்சில்லில் பயன்படாமல் கிடந்த பிடிப்பை எந்தக் கணத்தில், எவ்வளவு, எந்தப் பக்கமாகச் செலவழிப்பது என்பதையே அது மாற்றுகிறது. அந்தக் கணத்தை வலது கால் கற்றுக்கொள்ள எனக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் பிடித்தன.

பழைய நிலையை முதலில் சொல்கிறேன். மழை பெய்து ஓய்ந்த மாலையில் பத்தரமுல்லைப் பக்கமிருந்து வந்து பொல்துவைச் சுற்றுவட்டத்தில் நுழைவேன். நம் நாட்டில் சுற்றுவட்டத்தை வலஞ்சுழியாகச் சுற்றுவதால் வலது முன்சில்லே உட்சில்லு. கார் இடப்பக்கம் சாயும்போது உட்சில்லின் மேலுள்ள பாரம் குறைந்துவிடும். வெளியேறும் இடத்தில் இரண்டாம் கியரில் எக்ஸலரேட்டரைச் சற்று அழுத்தினால் அந்தச் சில்லு சீறிக்கொண்டு வெறுமனே சுழலும். எஞ்சின் வேகமானியின் முள் துள்ளி ஏறும். கார் முன்னேறாது, மூக்கு இடப்பக்கம் விலகிப்போகும்.

காரணம் எளிய கணக்குதான். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் முறுக்குவிசையைச் சமமாகவே கொடுக்கும். எடுத்துக்காட்டாக, பாரம் குறைந்த உட்சில்லு 300 நியூட்டன் மீற்றர் வரை தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 900ஐத் தாங்கக்கூடிய வெளிச்சில்லுக்கும் 300தான் கிடைக்கும், மொத்தம் 600. பலவீனமான சில்லு வைக்கும் வரம்புக்குள் மற்றச் சில்லும் அடங்கிவிடுகிறது. 2:1 என்ற பகிர்வு விகிதமுள்ள ஹெலிக்கல் எல்எஸ்டியோ, உட்சில்லு 300ஐத் தாங்கும்போது வெளிச்சில்லுக்கு 600 வரை அனுப்பும்; மொத்தம் 900. எஞ்சினும் ரயரும் பழையவைதாம், ஆனால் வளைவிலிருந்து காரை இழுக்கும் விசை ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை மேசையில் பிரித்து வைத்தபோது கண்ணால் பார்த்தேன். சாதாரண டிஃபரன்ஷியலின் கூம்புப் பற்சக்கரங்களுக்குப் பதிலாக, சுண்டுவிரல் நீளத்தில் சாய்வான பற்கள் வெட்டிய சிறு பற்சக்கரங்கள் சோடி சோடியாக உருளைக் கூட்டின் குழிகளுக்குள் உட்கார்ந்திருந்தன. முறுக்கு ஏறும்போது பற்களின் சாய்வு அவற்றைக் கூட்டின் சுவரோடும் முனையோடும் நெருக்கித் தள்ளுகிறது. அந்த உராய்வே வேகமாகச் சுழலும் பக்கத்திலிருந்து மெதுவாகச் சுழலும் பக்கத்துக்கு விசையை மாற்றுகிறது. தட்டு வகை எல்எஸ்டியில் இருப்பதுபோல் தேய்ந்துபோகும் உராய்வுத் தட்டுகள் இதில் இல்லை. அதனால் தனி ஒயிலோ சேர்மானமோ வேண்டியதில்லை. ஹொண்டாவின் வழமையான எம்டிஎஃப் கியர் ஒயிலே போதும். 1995இன் இன்டெக்ரா டைப் ஆரிலும் 1997இன் சிவிக் டைப் ஆரிலும் ஹொண்டா வைத்தது இந்த ஹெலிக்கல் வகையைத்தான்.

வேகமான பக்கத்திலிருந்து மெதுவான பக்கத்துக்கு என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும், ஏனெனில் ஸ்டியரிங்கில் கை உணரும் எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. மிதமான அழுத்தத்தில் திரும்பும்போது வெளிச்சில்லே நீண்ட பாதையில் வேகமாக ஓடுகிறது. ஆகவே எல்எஸ்டி விசையை உட்சில்லுக்குத் தருகிறது. அதாவது, அந்த வேளையில் அது காரை நேராக்கவே முயல்கிறது. ஹவ்லொக் வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்புவது போன்ற சாதாரணத் திருப்பத்தில் ஸ்டியரிங் முன்பைவிடச் சற்றுக் கனப்பதற்குக் காரணம் இதுதான். முதல் வாரத்தில் நான் ஏமாந்துபோனேன். இதற்காகவா இவ்வளவு செலவு என்று தோன்றியது.

அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உட்சில்லு வழுக்கத் தொடங்கி வெளிச்சில்லின் வேகத்தைத் தாண்டும். அந்த நொடியில் திசை மாறுகிறது: விசை வெளிச்சில்லுக்குப் போக, அது காரின் வெளிப்பக்கத்தை முன்னே தள்ளி மூக்கை உள்ளே திருப்புகிறது. கையில் இது மிகத் தெளிவாகத் தெரியும். வளைவின் நடுவில் தானாக நேராக வர முயலும் ஸ்டியரிங், அந்த முயற்சியைக் கைவிட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம் என்பதுபோல் விரல்களை இழுக்கும். முன்பு மூக்கு விலகினால் காலை எடுப்பதே பரிகாரமாக இருந்தது. இப்போது வளைவின் பிற்பாதியில் காலைப் பொறுமையாக மேலும் அழுத்துவதே பரிகாரம். பல ஆண்டுப் பழக்கத்துக்கு எதிரான இந்தச் செயலில் நம்பிக்கை வருவதற்குத்தான் அந்த ஆறு மாதங்களும் போயின.

அந்த நம்பிக்கை எனக்கு அவிசாவளை–ஹற்றன் வீதியில் வந்தது. கித்துல்கலையைத் தாண்டிக் கினிகத்தேனை நோக்கி ஏறும்போது வீதி அடிக்கடி ஈரமாகவே இருக்கும். ஏற்றத்தில் பாரம் பின்னால் போவதால் முன்சில்லுகள் இன்னும் இலேசாகிவிடும். முன்சில்லு இழுவைக்கு இதைவிடக் கடினமான சோதனை நம் ஊரில் குறைவு. அங்கே ஒரு கூரிய வலது வளைவில் பழைய கார் எப்போதும் உட்சில்லைச் சுழற்றிக்கொண்டு தடுமாறும். எல்எஸ்டியுடன் அதே வளைவில், மணிக்கு நாற்பதைத் தாண்டாத அதே வேகத்தில், வளைவின் உச்சியைக் கடந்ததும் மெல்ல அழுத்தினேன். சீறல் எதுவும் எழவில்லை, ஸ்டியரிங் கையை உள்ளே இழுத்தது, நான் பார்த்துக்கொண்டிருந்த மதகுக் கல்லை நோக்கியே மூக்கு போனது. காலை எடுத்தபோது சாதாரண டிஃபரன்ஷியல் போலவே எளிதாக வளைந்தது. தட்டு வகையில், தட்டுகளை எப்போதும் நெருக்கிப் பிடிக்கும் முன்னழுத்தத்தைக் கூட்டி வைத்திருந்தால் வளைவுக்குள் நுழையும்போதே கார் முரண்டு பிடித்திருக்கும். நகரத்திலும் ஓடவேண்டிய காருக்கு ஹெலிக்கலே பொருத்தம் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். மிகப் பெரியது, மழையில் அளவு மீறி அழுத்தினால் இப்போது இரண்டு முன்சில்லுகளும் ஒன்றாகவே வழுக்குகின்றன. முன்பு உட்சில்லின் சீறல் எச்சரிக்கையாக இருந்தது, வெளிச்சில்லு பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது வரம்பு தள்ளிப்போயிருக்கிறது, ஆனால் அதைத் தாண்டினால் மூக்கு திடீரென்று நேராகப் போகும். அடுத்தது, மரைன் டிரைவில் கடற்காற்று மணலைக் கொண்டுவந்து ஓரத்தில் சேர்த்திருக்கும் இடங்களில் நின்று புறப்படும்போது இடது சில்லு மணலிலும் வலது சில்லு தாரிலும் இருந்தால், வலது பக்கம் அதிகம் தள்ள, கார் மணல் பக்கமே இழுபடும். இரு கையாலும் பிடிக்க வேண்டும்.

ஒரு சில்லு முற்றாக அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் ஹெலிக்கல் எல்எஸ்டி உதவாது. சுழியத்தின் இரு மடங்கும் சுழியமே. எங்கள் ஒழுங்கையின் வடிகால் மூடியைக் குறுக்காக ஏறும்போது இது எனக்கு நேர்ந்திருக்கிறது. கால் பிரேக்கை இலேசாகத் தொட்டுக்கொண்டு எக்ஸலரேட்டரை அழுத்தினால், தூக்கிய சில்லுக்கு ஒரு தடை கிடைத்து மறு சில்லு இழுக்கும்.

பொருத்தும் வேலையில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அதில் பட்டிருக்கிறேன். முதலில் வேலை செய்த கராஜில் பழைய பெயரிங்கையே போட்டு, பக்க இடைவெளியை அளக்காமல், அதைச் சரிசெய்யும் தகட்டையும் மாற்றாமல் மூடிவிட்டார்கள். 2,000 கிலோமீற்றருக்குள் நான்காம் கியரில் ஊளைச் சத்தம் கேட்டது. தெமட்டகொடையில் ஒரு மூத்த பாஸ் மீண்டும் திறந்தார். பெரிய பற்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளில் நான் சாவியை வைத்தபோது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, இது இடப்புரி. வழமையான பக்கம் திருப்பினா இன்னும் இறுகும், பிறகு தலை முறிஞ்சிரும்." இரண்டு பெயரிங்குகளையும் புதிதாக்கி, இடைவெளியை அளந்து, அதற்கேற்ற தடிப்பில் தகடு தேடிப் போட்டார். ஊளை நின்றது.

முன்சில்லைத் தாங்கும் கீழ்க்கையின் (லோவர் ஆம்) ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் எல்எஸ்டி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அழுத்தும்போது ஒரு பக்கமும் விடும்போது மறு பக்கமும் கார் அலையும். என் கார் அப்படி அலைந்தது புஷ்களை மாற்றிய அன்றே நின்றது. முன்ரயர்கள் இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தமாக இருக்க வேண்டும். விட்டம் வேறுபட்டால் நேர்வீதியிலும் அந்தச் சிறு பற்சக்கரங்கள் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

சென்ற மாதம் கியர் ஒயிலை மாற்றினேன். வடிப்பு முளையின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல் ஒரு மெல்லிய படிவு மட்டும் இருந்தது. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தேன், மணல்போல் நெருடும் துகள் ஒன்றும் அகப்படவில்லை.