டிஸ்னி வேர்ல்டு பேக்கேஜில் ‘ஸ்பெஷல் டின்னர்’ இருக்கிறதா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் பேக்கேஜ் போடும் முகவர்கள் சிலர், ‘ஃபைன் டைனிங் ஒரு இரவு’ என்று ஒரு வரியைச் செருகி விலையை ஏற்றுகிறார்கள். ஏழு வயதுப் பையனோடு போன ஒரு குடும்பத்துக்கு அப்படித் தலையில் கட்டப்பட்டது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் என்ற உணவகம். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். முகவரைக் கேட்டால், “அது ரெஸ்டாரன்ட் ரூல் சார், நாங்க என்ன பண்ண முடியும்?”

ரூல் உண்மைதான். கிராண்ட் ஃப்ளோரிடியன் ரிசார்ட்டில் இருக்கும் அந்த உணவகம் 2008 ஜனவரியிலிருந்து பத்து வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விடுவதில்லை. பல கட்டங்களாக வரும் ஒரே நிலையான மெனு, சாப்பிட்டு முடிக்க மூன்று மணி நேரம் போல ஆகும். குழந்தைகளுக்குத் தனி மெனு கிடையாது. 2022இல் மறுபடி திறந்தபோது ஆளுக்கு 295 டாலர். வரி, டிப்ஸ் தனி. இவ்வளவும் தெரிந்த விஷயம். பையனின் பாஸ்போர்ட் நகலைக் கையில் வைத்துக்கொண்டு முகவர் அந்த மேசையைப் பதிந்ததுதான் மோசடி.

ஓட்டை இருப்பது தலை எண்ணிக்கையில். டிஸ்னி உணவகங்களில் கைக்குழந்தையையும் ஒரு ஆளாகச் சேர்த்துத்தான் மேசை பதிய வேண்டும். முகவர் ‘4 பேர்’ என்று பதிந்துவிடுவார்; வயதைப் பற்றிய பேச்சு வாசலில்தான் எழும். வராமல் போனால் கார்டில் அபராதம் பிடிப்பார்கள். சாதாரண உணவகங்களில் ஆளுக்கு 10 டாலர், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸில் அதைவிடப் பல மடங்கு. யாருடைய கார்டு கொடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

“பத்து வயசுன்னு சொல்லிடுங்க” என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். டிஸ்னியில் 3 முதல் 9 வயது வரைதான் சிறுவர் கட்டணம். பத்து ஆனால் பஃபேயிலும் பெரியவர் விலை. பையனுக்கு எடுத்த பார்க் டிக்கெட்டே அவன் வயதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

டிஸ்னி கப்பலாக இருந்தால் இன்னும் கண்டிப்பு. பாலோ, ரெமி, என்சான்டே போன்ற தனிக்கட்டண உணவகங்களில் 18 வயது ஆகியிருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை கோட்டு போட்டு வந்தாலும் நடக்காது.

எனவே டிஸ்னி இணையதளத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, மேசையை நீங்களே பதியுங்கள். 60 நாள் முன்பே பதிவு திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் போய்ச் சேரும் தேதிக்கு 60 நாள் முன்பே, தங்கும் எல்லா நாட்களுக்கும் (அதிகபட்சம் 10) சேர்த்துப் பதியலாம். முகவர் வழியாகத்தான் என்றால், சாப்பிடப் போகும் தேதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன வயது என்று எழுதி, உணவகத்தின் பெயரைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘சிக்னேச்சர் டின்னர்’ என்று மட்டும் பதில் வந்தால் ஏற்காதீர்கள். சிறு பிள்ளையோடு நல்ல சாப்பாடுதான் வேண்டுமென்றால் அதே ரிசார்ட்டில் நார்கூசீஸ், சிட்ரிகோஸ் இருக்கின்றன. பக்கத்து கன்டெம்பரரி ரிசார்ட்டில் கலிஃபோர்னியா கிரில். மூன்றிலும் வயதுத் தடை இல்லை.

வாசலில் திருப்பப்பட்டால் அங்கேயே நின்று, ‘வரவில்லை’ என்று பதியாமல் ரத்து என்று பதியச் சொல்லிக் கேளுங்கள். வேறு உணவகத்தில் இடம் இருக்கிறதா என்றும் அவர்களே பார்த்துச் சொல்வார்கள். ஊர் திரும்பியதும், வயதை முன்பே தெரிவித்த மின்னஞ்சல், பேக்கேஜ் ரசீது இரண்டையும் இணைத்து முகவருக்கு எழுத்தில் பணம் கேளுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் ஆட்சேபம் பதியலாம். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், முகவரின் அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் சரி. கெடு இரண்டு வருஷம்.