செரோவேயா, கான்யேயா: கோசி போன பக்கம் போகும் ஓட்டு

போட்ஸ்வானா என்றால் "ஒரே கட்சி ஆண்ட நாடு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 1965 முதல் 2024 வரை போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சிதான் ஆண்டது, உண்மை. ஆனால் கிராமத் தொகுதிகளுக்குள் இறங்கிப் பார்த்தால், பல இடங்களில் ஓட்டு கட்சிக்கு விழவில்லை. கோசி எனப்படும் பரம்பரைத் தலைவர் நின்ற பக்கம் விழுந்தது. செரோவே, கான்யே என்ற இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்தால் இது பளிச்செனத் தெரியும்.

செரோவே பங்வாட்டோ மக்களின் தலைநகர். பட்டத்துக்குரிய செரெட்சே காமா, 1948ல் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்ததால் பிரிட்டிஷாரால் நாடு கடத்தப்பட்டார். 1956ல் பட்ட உரிமையை விட்டுக்கொடுத்த பிறகே ஊர் திரும்பினார். பட்டம் போனது, மரியாதை போகவில்லை. அவர் தொடங்கிய ஜனநாயகக் கட்சி 1965ல் 31 இடங்களில் 28ஐ அள்ளியது. 1998ல் மகன் இயன் காமா ராணுவத்தை விட்டு அரசியலுக்கு வந்தார். செரோவே வடக்கு எம்.பி. ராய் பிளாக்பியர்ட் பதவி விலகி அவருக்கு வழிவிட்டு, லண்டனுக்குத் தூதராகப் போனார். 2008ல் இயன் அதிபரானதும் தொகுதி தம்பி ட்ஷெகேடிக்கு வந்தது. குடும்பச் சொத்து கைமாறுவது மாதிரிதான்.

கான்யே கதையில்தான் காரம் அதிகம். அங்கே வாழும் பங்வகெட்சே மக்களின் கோசி இரண்டாம் பாத்தோயென் 1928 முதல் ஆண்டவர். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டங்கள் அவர் கையிலிருந்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கின. நிலம் ஒதுக்கும் அதிகாரம் நில வாரியத்துக்குப் போனது. சொந்தக்காரர் தெரியாமல் திரியும் மாடுகளைப் பிடித்துவைக்கும் உரிமைகூட மாவட்ட கவுன்சிலுக்குப் போனது. மாடுதான் செல்வம் என்றிருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. 1969ல் அவர் பட்டத்தைத் துறந்து தேர்தலில் குதித்தார். சேர்ந்த இடம்தான் வேடிக்கை: இடதுசாரியான கென்னத் கோமாவின் போட்ஸ்வானா தேசிய முன்னணி! மன்னரும் மார்க்சியரும் ஒரே மேடையில்.

எதிரில் நின்றவர் துணை அதிபர் க்வெட் மசீரே. அவரும் கான்யேக்காரர், ஆனால் அரச குடும்பம் இல்லை. அங்கே உயர்நிலைப் பள்ளி தொடங்க உதவி, அதன் தலைமையாசிரியராகவும் இருந்தவர். பழைய கோசியோடு அவருக்குப் பல வருட உரசல். ஆட்சி, பதவி, பிரபலம் எல்லாம் இருந்தும் மசீரே தோற்றார். மக்கள் ஓட்டு இல்லாமல் அவையே தேர்ந்தெடுக்கும் சிறப்பு உறுப்பினராகத்தான் உள்ளே நுழைய முடிந்தது. அதிபராக வருபவர் தொகுதியில் நிற்கவே தேவையில்லை என்று 1972ல் விதி மாறியதைத் தற்செயல் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மசீரே 1980ல் அதிபரானார்.

அப்படியானால் செரோவே விசுவாசத் தொகுதி, கான்யே கலகத் தொகுதியா? 2019 வரை அப்படிச் சொல்லியிருக்கலாம். அந்த வருடம் மே மாதம், அதிபர் பதவிக்குத் தானே தேர்ந்தெடுத்த வாரிசான மொக்வீட்சி மசிசியோடு மோதி, இயன் காமா அப்பா தொடங்கிய கட்சியை விட்டே வெளியேறினார். அறிவிப்பு வந்த இடம் செரோவே. அக்டோபரில் அவர் ஆதரித்த புதுக் கட்சி நாட்டில் மூன்றே இடங்கள் வென்றது, மூன்றும் செரோவேத் தொகுதிகள். அதே தேர்தலில் கான்யேயின் இரு தொகுதிகளும் ஆளுங்கட்சிக்குப் போயின. மசிசியின் சொந்த ஊரான மோஷுபா கான்யேக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டில் எதை ஆராயலாம் என்று கேட்டால் நான் கான்யேயைத்தான் சொல்வேன். செரோவே அரை நூற்றாண்டுக்கும் மேல் காமா குடும்பத்தின் பின்னால் நடந்தது, கட்சி மாறியபோதும் அதே குடும்பத்தின் பின்னால்தான் மாறியது. கான்யேயில் பாத்தோயென் 1985ல் அரசியலை விட்டு மரபுவழி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போன பிறகு, அந்தப் பழைய கோசி களத்தில் இல்லாமலே ஊர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவர் 1969ல் சேர்ந்த தேசிய முன்னணி, டூமா போக்கோ தலைமையிலான கூட்டணியின் அங்கமாக 2024 அக்டோபரில் ஆட்சியைப் பிடித்தது. ஜனநாயகக் கட்சிக்கு மிஞ்சியது 61ல் 4.