கோத்தகிரி பக்கம் ஒரு டிமென்ஷியா ஹோம்: பகல்ல நல்லாருக்கு, ராத்திரிதான் இடிக்குது

கோத்தகிரியில இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, எஸ்டேட் ரோட்டுல இருக்கிற ஒரு டிமென்ஷியா ஹோம் (மறதி நோய் வந்த வயசானவங்களைப் பாத்துக்கற எடம்) பத்தி எழுதறேன். பேரு போடல, ஏன்னா குறையும் சொல்லப்போறேன், அத்தை இன்னும் அங்கதான் இருக்காங்க. அத்தைன்னா என் வீட்டுக்காரரோட அம்மா, ஆயுசுல பாதிக்கு மேல டீ எஸ்டேட்ல கொழுந்து எடுத்தவங்க. கோயமுத்தூர்ல எங்ககூட ஃபிளாட்லதான் இருந்தாங்க, வெக்கையும் ஒத்துக்கல லிஃப்டும் ஒத்துக்கல, மலை மேல போகணும், மலை மேல போகணும்னு ஒரே அடம், சரி பழகின குளிராச்சேன்னு இங்க சேத்தோம்.

இந்த மாதிரி எடம் பாக்கப்போறவங்க காலைல பதினோரு மணிக்குப் போகாதீங்க. அந்த நேரத்துக்கு எந்த ஹோமும் நல்லாத்தான் இருக்கும், எல்லாரையும் குளிக்க வச்சு ஸ்வெட்டர் மாட்டி வெயில்ல உக்கார வச்சிருப்பாங்க, மேனேஜர் வந்து வியூ காட்டுவாரு. வியூ பணம் கட்டற நமக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போங்க. பொழுது சாயச் சாய இவங்களுக்கு ஒரு பதட்டம் வரும், டாக்டருங்க சன்டவுனிங்னு சொல்றது, வீட்டுக்குப் போகணும்பாங்க, கதவை ஆட்டுவாங்க, சிலர் கை ஓங்கிக்கூட வருவாங்க. அந்த நேரத்துல அங்க வேலை பாக்கறவங்க என்ன பண்றாங்கன்னு நின்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிரும்.

இங்க பகல் ஷிஃப்டுக்கு நான் முழு மார்க் குடுப்பேன். அத்தை நாலரை ஆனா "கொழுந்து நிறுக்கப் போகணும், மேஸ்திரி திட்டுவாரு, கூடை எங்க"ன்னு எந்திரிச்சிருவாங்க. எஸ்டேட் வேலையெல்லாம் எப்பவோ விட்டாச்சேன்னு சொன்னா சண்டைதான். இங்க ஒரு அக்கா இருக்காங்க, பக்கத்து ஹட்டிக்காரங்க (ஹட்டின்னா படுகர் ஊரு), மறுத்தே பேசறதில்ல. ஒரு கட்டு கீரைய மொறத்துல கொட்டி "இத ஆய்ஞ்சு குடுத்துட்டுப் போலாங்கம்மா, இன்னும் சங்கு ஊதல"ன்னு மடியில வச்சுர்றாங்க. அத்தை ரெண்டு கையாலயும் பட்பட்னு கிள்றாங்க பாருங்க, எலை ஒரு பக்கம் தண்டு ஒரு பக்கம், கண்ணு கீரையிலயே இல்ல, கை மட்டும் ஓடுது. அரை மணி நேரத்துல அடங்கிடறாங்க. மறுநாள் மதியம் அதே கீரைதான் கூட்டு.

அதே அக்கா பக்கத்து ரூம் படுகர் தாத்தாகிட்ட படுகுலயே பேசறாங்க. அவரு தமிழ் நல்லா பேசினவராம், இப்ப அது நழுவி சின்ன வயசு பாஷைதான் மிஞ்சியிருக்கு, இந்த நோயில இது சகஜம். அதனால ஆளுங்களுக்கு என்னென்ன பாஷை தெரியும்னு கேக்கறது ரொம்ப முக்கியம், யாரும் கேக்கறதில்ல.

டைனிங் ஹால் வாசல்ல கருப்பு மிதியடி போட்டிருந்தாங்க. அத்தை அது கிட்ட வந்தா காலை எடுத்து வைக்கவே மாட்டாங்க, சாப்பாடு வேண்டாம்னு திரும்பிருவாங்க. தரையில கருப்பா எது இருந்தாலும் இவங்க கண்ணுக்குக் குழி மாதிரி தெரியலாம்னு அங்க இருக்கிற நர்ஸுக்குத் தெரிஞ்சிருக்கு, அன்னைக்கே தூக்கிட்டாங்க. இன்னொண்ணு, ஒரு வாரம் திடீர்னு அத்தைக்குக் குழப்பம் ஜாஸ்தியாகி, இல்லாத ஆளுங்ககூட எல்லாம் பேசினாங்க. தூக்க மாத்திரை குடுத்து முடிச்சிருக்கலாம், ஆனா இந்த நர்ஸம்மா மொதல்ல யூரின் டெஸ்ட் எடுத்தாங்க, இன்ஃபெக்‌ஷன்தான். குளுருக்கு யாரும் தண்ணி குடிக்கறதில்லல்ல. மருந்து குடுத்ததும் பழையபடி ஆயிட்டாங்க.

இப்ப ராத்திரி. சொல்லாம ஒரு நாள் எட்டரைக்குப் போய் நின்னோம். பதினெட்டு பேருக்கு ரெண்டே அட்டெண்டர், அதுல ஒருத்தங்க கிச்சன்ல. ஹால்ல ஒரு பாட்டிய துப்பட்டாவால சேரோட சேத்துக் கட்டியிருந்தாங்க. கேட்டா "விழுந்துருவாங்க மேடம்"னாங்க. கட்டிப்போட்டா விழறது நிக்காது, திமிறி சேரோட சாயறதும், ஒரே எடத்துல உக்காந்து புண்ணு வர்றதும்தான் மிச்சம். அத்தை மாத்திரை டப்பாவுல புதுசா ஒண்ணு இருந்துச்சு, யாரு எழுதினதுன்னு கேட்டா சீட்டு இல்ல. டிமென்ஷியா இருக்கிற வயசானவங்களுக்கு ஆன்டிசைகாட்டிக்ங்கற மனநோய் மருந்து குடுத்தா சாவு ஆபத்து கூடுதுன்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2005லயே அட்டையில எச்சரிக்கை போடச் சொல்லிருச்சு. ரொம்ப முடியாம போனா டாக்டர் யோசிச்சுக் குடுக்கறது வேற, ராத்திரி ஆளு பத்தலைன்னு குடுக்கறது வேற. சத்தம் போட்டோம். மாத்திரைய நிறுத்திட்டாங்க, அந்தப் பாட்டிக்கும் தாழ்வான கட்டில் வந்துச்சு, கீழ மெத்தை போட்டாங்க. நைட்டுக்கு மட்டும் இன்னும் ஆளு கூட்டல. "பாத்துட்டு இருக்கோம்"ங்கறாங்க.

குளிர் விஷயத்துல ஓகே. கரி அடுப்பு உள்ள வைக்கறதில்ல, ஆயில் ஹீட்டர்தான். சுடுதண்ணி பையும் குடுக்க மாட்டாங்க, சுடுதுன்னு இவங்களுக்குச் சொல்லத் தெரியாம தோலு வெந்துரும், அது சரியான முடிவு. சாப்பாடு நேரா உக்கார வச்சு, நிதானமா ஸ்பூன்ல, முழுங்கினதைப் பாத்துட்டுதான் அடுத்த வாய். மாசாமாசம் எடை எழுதற நோட்டு இருக்கு, கேட்டா காட்டறாங்க. அத்தைக்கு எடை கொறையல, நகம் வெட்டியிருக்கு, குதிகால் சுத்தமா இருக்கு. நான் போனதும் மொதல்ல பாக்கறது குதிகால்தான், புண்ணு ஆரம்பிக்கற எடங்கள்ல அது ஒண்ணு.

கீழ இருந்து வர்றவங்களுக்கு: 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வேணும், டிஎன் 43, அதாவது நீலகிரி பதிவு வண்டின்னா வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சா நீங்க நெனச்ச நேரத்துக்கு ஏற முடியாது, அப்ப எமர்ஜென்சின்னா எந்த ஆஸ்பத்திரி, வண்டி யாரோடதுன்னு சேக்கும்போதே கேட்டுக்கோங்க. இவங்க கிட்ட சொந்த ஆம்புலன்ஸ் கிடையாது.

மாசம் 40 ஆயிரத்தைத் தொடுது, டயப்பரும் மருந்தும் தனி. அஞ்சுக்கு மூணரை. ராத்திரிக்கு இன்னும் ரெண்டு பேரப் போட்டா நாலரை குடுப்பேன். அத்தைய இப்போதைக்கு மாத்தல, அந்த அக்கா வேலைய விட்டா யோசிப்போம். முன்பணம் ரெண்டு மாசத்துது, எப்ப திருப்பித் தருவாங்கன்னு ஃபார்ம்ல ஒரு வரி இல்ல, நாங்க கேட்டு பேனாவுல எழுதி சீல் வாங்கினோம்.